வருகைக் கணக்கும் வணிகத் தமிழும்

(திண்டுக்கல்லில் சிறுவணிகரும் தமிழன்பரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

தமிழன் கணக்கறியாதவன் அல்லன். ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கி, அதில் ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயரிட்டு, அதனையும் பிளந்து கீழ்முந்திரி கண்டவன் அவன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இந்நிலத்துப் பழமொழி. அத்தகைய இனத்தார் இன்று இணையத்தில் கடை விரித்துவிட்டு, வந்தவர் எத்துணையர், திரும்பியவர் எத்துணையர், எச்சொல்லைத் தேடி வந்தனர் என்று எண்ணிப் பாராதிருக்கின்றனர். எண்ணாமையால் பொருள் இழப்பு ஒன்று. மொழி இழப்பு மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதே இவ்வுரையின் கருத்து.

தெருக்கடையில் கணக்கு இருவகைப்படும். விற்ற பொருளும் வந்த பணமும் நின்ற கடனும் பேரேட்டில் ஏறும். வந்தவர் எதனைக் கையிலெடுத்துப் பார்த்தார், விலை கேட்டவுடன் எவ்வாறு முகஞ்சுளித்தார், எதனால் எதிர்க்கடைக்குப் போனார் என்பன வணிகன் கண்ணில் ஏறும். இவ்விரண்டாம் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும் முதற்கணக்கை வளர்ப்பது இதுவேயாகும். இணையக் கடையில் இந்தக் கண்ணுக்கு வேலையில்லை. ஆயிரவர் வந்து பார்த்துச் சென்றாலும் கடைக்காரனுக்குத் தெரியாது. ஒருவரும் வாராதிருந்தாலும் தெரியாது. அக்கண்ணின் இடத்தில் அமைந்தவையே வருகைக் கணக்குக் கருவிகள்.

இது நகரத்துப் பெருநிறுவனங்களின் செய்தியன்றோ, திண்டுக்கல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு. இவ்வூர்ப் பூட்டு நாடறிந்தது. மாங்காய்ப் பூட்டும் மணிப் பூட்டும் கையால் அராவி, நெம்புகோல் ஒவ்வொன்றாகப் பொருத்தி ஆக்கப்படுவன. ஆலையில் அச்சிட்டாற்போல் வந்து குவியும் அலிகார்ப் பூட்டின் விலைக்கு முன் அவை தளர்ந்தன. 2019 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே திங்களில் பழனிப் பஞ்சாமிர்தமும் அக்குறியீட்டைப் பெற்றது. சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் 2008 ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தன. சின்னாளப்பட்டித் தறிகளிலிருந்து சுங்குடிச் சேலை வருகிறது. நிலக்கோட்டையில் மலர்ச் சந்தை; ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை. ஊரின் பெயரே பொருளின் மதிப்பாக நிற்கும் இத்தகைய பண்டங்களுக்கு இணையம் ஏற்ற சந்தையாகும். எங்கோ இருக்கும் ஒருவர் ஊர்ப்பெயரைச் சொல்லித் தேடுகிறார். அவர் தேடுவது உரிய கைவினைஞனுக்குத் தெரிய வேண்டும். தெரியாதவிடத்து இடைத்தரகன் அதனை அறிந்துகொள்வான். ஊதியமும் அவனுக்கே போகும்.

கருவி இயங்கும் முறை கடினமானதன்று. இணையப் பக்கம் ஒன்றை ஒருவர் தம் திறன்பேசியில் திறக்கும்போது, அப்பக்கத்தைத் தாங்கி நிற்கும் வழங்கிக் கணினி ஒரு வரி எழுதிக் கொள்கிறது. எந்நேரத்தில், எப்பக்கத்தை, எந்த எண்முகவரியிலிருந்து, எவ்வகை உலாவியில் கேட்டார் என்பது அவ்வரி. இது பழைய முறை. பின்னர், பக்கத்தின் உள்ளேயே ஒரு சிறு குறிமுறையைப் பொதிந்து வைத்து, அது வந்தவரின் செயல்களைக் கணக்குக் கருவிக்குச் சொல்லும் முறை பரவிற்று. அர்ச்சின் என்னும் நிறுவனத்தை 2005 இல் வாங்கிய கூகுள், அவ்வாண்டு நவம்பரில் தன் அனலிட்டிக்சுக் கருவியை விலையின்றி வழங்கத் தொடங்கியது. அன்றுமுதல் பெட்டிக்கடைக்காரனும் பெருநிறுவனத்தானும் ஒரே தரத்துக் கணக்கேட்டைப் பெற இயன்றது.

அக்கணக்கேட்டில் சிறுவணிகன் பார்க்கத்தக்கவை நான்கே. எத்துணையர் வந்தனர்; எவ்வழி வந்தனர்; எப்பக்கத்தில் நின்றனர், எங்கே திரும்பினர்; எத்துணையர் வாங்கினர். ஏனைய படங்களும் வண்ணக் கோடுகளும் கண்ணுக்கு விருந்தேயன்றிக் கைக்குப் பயனல்ல.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் காண்போம். ஒரு பூட்டுக் கடைக்கு ஒரு திங்களில் 400 வருகைகள். அவற்றுள் 320 திறன்பேசி வழியாகவும் 80 மேசைக் கணினி வழியாகவும் வந்தவை. இருவழியிலும் நான்கு நான்கு பேர் வாங்கினர். பேரேட்டில் எட்டு விற்பனை என்று மட்டுமே இருக்கும். வருகைக் கணக்கோ, கணினி வழி வந்தவருள் நூற்றுக்கு ஐவரும் திறன்பேசி வழி வந்தவருள் நூற்றுக்கு ஒன்றேகாலும் வாங்கினர் என்று காட்டும். உடனே கடைக்காரன் தன் பக்கத்தைத் தானே திறன்பேசியில் திறந்து, ஒரு பூட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். பணஞ்செலுத்தும் பொத்தான் திரைக்குக் கீழே மறைந்து கிடக்கலாம். அனுப்புச் செலவு இறுதியில் வந்து அச்சுறுத்தலாம். கருவி ஐயத்தை எழுப்பும், தீர்ப்பைச் சொல்லாது. நான்கு பேரை வைத்துக்கொண்டு விழுக்காடு பேசுதல் பிழையாகவும் முடியலாம். சில திங்கள் தொடர்ந்து அதே வேறுபாடு தோன்றினால்தான் அஃது உண்மை எனக் கொள்ளுதல் வேண்டும்.

கருவி பொய்யும் சொல்லும். அதன் பொய்களையும் அறிந்திருத்தல் நன்று. கடைக்காரனும் அவன் மக்களும் நாடோறும் தம் பக்கத்தைத் திறந்து பார்ப்பதனை வருகை என்று அது எண்ணும். அதனை விலக்கிவைக்க வேண்டும். மாந்தர் அல்லாத தேடு நிரல்களின் வருகையும் இடையிடையே கலந்துவரும். வேடசந்தூரிலிருந்து வந்தவரைச் சென்னையிலிருந்து வந்தவர் என்று காட்டும். அது பார்ப்பது தொலைபேசி நிறுவனத்தின் எண்முகவரியை. வந்தவர் நிற்கும் இடத்தை அன்று. வாட்சப்பு எனப்படும் புலனத்தில் ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பிய இணைப்பைத் தொட்டு வந்தவரை, வழி தெரியாத நேர்வரவு என்று எழுதிக்கொள்ளும். ஆதலின் புலனத்தில் பரப்பும் இணைப்பின் இறுதியில் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்தனுப்புதல் வேண்டும். முப்பது மணித்துளிகள் அசையாதிருந்து மீண்டும் பக்கத்தைத் தொட்டவரை இரண்டாம் வருகையாக எண்ணுவது இக்கருவிகளின் பொதுவழக்கம். இவற்றை அறியாதவன் தன் நிழலைக் கண்டு கூட்டம் வந்தது என மகிழ்வான்.

இனி, தமிழுக்கு வருவோம்.

வருகைக் கணக்கில் மொழி என்றொரு பிரிவு உண்டு. அதனைத் திறந்து பார்க்கும் வணிகன், வந்தவருள் மிகப் பலர்க்கும் ஆங்கிலம் என்று எழுதியிருக்கக் காண்பான். கண்டவுடன், தமிழில் பக்கம் அமைப்பது வீண்செலவு, வாங்குவோர் அனைவரும் ஆங்கிலத்தாரே என்று முடிவு கட்டுவான். இம்முடிவு முற்றும் தவறு. அப்பிரிவு காட்டுவது வந்தவரின் தாய்மொழியை அன்று. அவர் எம்மொழியில் தேடினார் என்பதனையும் அன்று. அவருடைய திறன்பேசியோ உலாவியோ எம்மொழிக்கு அமைக்கப்பட்டுள்ளது என்பதனை மட்டுமே அது காட்டும். கடையில் வாங்கும்போது ஆங்கிலத்தில் அமைந்து வந்த கருவியை அவ்வாறே வைத்திருக்கும் ஆத்தூர் உழவரும், சின்னாளப்பட்டி நெசவாளரும், ஓர் ஆங்கிலச் சொல்லும் பேசாத பாட்டியும் அக்கணக்கில் ஆங்கிலத்தார் ஆகிவிடுகின்றனர். குடிக்கணக்கெடுப்போர் வாயிலில் வந்து நிற்க, வீட்டில் தமிழ் பேசுவோர் வேற்றுமொழியைத் தாய்மொழி என எழுதுவித்தால் எத்தகைய கேடோ, அத்தகைய கேடு இஃது. அதுவேனும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு. இதுவோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு தொடுதலிலும் பதிவாகும் கணக்கு. இதனைப் பார்த்தே நிறுவனங்கள் தமிழுக்கு ஏந்துகள் வேண்டுமா வேண்டாவா என்று எண்ணுகின்றன.

தேடுசொற்களின் கணக்கிலும் இத்தகைய மயக்கமே உண்டு. கூகுளின் தேடல் கன்சோல் என்னும் கருவி, மக்கள் எச்சொல்லைத் தட்டியபோது கடையின் பக்கம் தேடல் முடிவில் தோன்றியது, எத்துணையர் அதனைத் தொட்டனர், எத்தனையாம் இடத்தில் நின்றது என்பவற்றைக் காட்டும். கடையின் பக்கம் தோன்றிய தேடல்களை மட்டுமே அது காட்டும் என்பதனை மறத்தலாகாது. பக்கத்தில் பூட்டு என்னும் சொல்லே இல்லை, எல்லாம் ஆங்கிலம். தமிழில் தேடியவர் முன் அப்பக்கம் எவ்வாறு தோன்றும்? தோன்றாதபோது கணக்கில் எவ்வாறு ஏறும்? தமிழ் வாயிலை அடைத்துவிட்டு, அவ்வழியே ஒருவரும் வரவில்லை என்று பேரேட்டில் சுழியம் எழுதுகிறான் வணிகன். அச்சுழியம் மக்கள் இட்டதன்று. அவன் தானே இட்டது. பின்னர் அச்சுழியத்தையே சான்றாகக் காட்டித் தமிழுக்கு மதிப்பில்லை என்கிறான். தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிகள் பெயர்ப்பலகையில் தமிழ் இருத்தல் வேண்டும் எனப் பணிக்கின்றன. தெருவில் அதனை வலியுறுத்த இயக்கம் உண்டு. இணையக் கடையின் பலகையைப் பற்றி வினவுவார் எவர்?

ஆய்ந்தறியும் வழி எளிது. கடையின் முதன்மையான பத்துப் பொருள்களுக்குத் தமிழிலும் தனிப்பக்கம் எழுதுக. ஆங்கிலப் பக்கத்தை எந்திரத்திற் பெயர்த்த சவலைத் தமிழாக அன்றி, கடைமுன் நின்று வாங்குவோர்க்குச் சொல்லும் தமிழாக எழுதுக. பூட்டின் எடை எவ்வளவு, எத்தனை நெம்புகோல், எத்தனை திறவுகோல், எக்கதவுக்குப் பொருந்தும், பழுதுற்றால் யார் செப்பனிடுவார் என்று எழுதுக. பின்னர் ஆறு திங்கள் எண்ணுக. அதன்பின் பேசுக. தேடல் கன்சோல் பதினாறு திங்களின் கணக்கையே வைத்திருக்கும் ஆதலின், திங்கள்தோறும் அதனைப் படியெடுத்து வைத்துக்கொள்க.

இவ்விடத்தில்தான் தமிழாசிரியரின் உதவி வணிகனுக்குத் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரு பொருட்பெயர் ஓரிரு வடிவில் வரும். தமிழிலோ வேற்றுமையுருபு ஏறி, பூட்டு, பூட்டை, பூட்டின், பூட்டுக்கு, பூட்டுகள் எனப் பலவாக விரியும். கருவி ஒவ்வொன்றையும் வெவ்வேறு சொல்லாக எண்ணும். நூறு தேடல்கள் பத்துப் பத்தாகச் சிதறிக் கிடக்க, தமிழில் தேடுவோர் மிகச் சிலரே என்ற தோற்றம் உண்டாகும். பூட்டு என்று வடிகட்டினால் பூட்டை, பூட்டின் என்பன விடுபட்டுப் போகும். பூட்ட என்பதுவரை மட்டும் இட்டு வடிகட்டினால் அனைத்தும் ஒருங்கே வந்து நிற்கும். ஒருங்குறி முறையில் உயிர்மெய்யின் உயிர்க்குறி தனியே பின்தொடர்வதால் இவ்வாறு அமைகிறது. மெய்யும் உயிரும் புணர்ந்தது உயிர்மெய் எனப் பள்ளியிற் கற்ற இலக்கணம் கணக்கேட்டிற்கும் பயன்படுகிறது. அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியர் மறைவு கருதி அக்கருவி காட்டாது விடுதலும் உண்டு. சிதறிய தமிழ்ச் சொற்களுக்கு இதனாலும் இழப்பு நேர்கிறது.

மற்றுமொரு தடை. வழங்கிக் கணினியின் பழைய பதிவேட்டைத் திறந்தால் தமிழ் முகவரி தமிழாகத் தோன்றாது. பூட்டு என்பது தமிழ்க் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் ஆறு குறி. பதிவேட்டிலோ விழுக்காட்டுக் குறியும் உரோம எழுத்தும் எண்ணுமாக 54 குறிகள்! காண்போர் இதனை ஏதோ பிழை என்று அழித்துவிடுகின்றனர். அவர் அழிப்பது தமிழரின் வருகை என்பதனை அவரே அறியார். அவ்வரிசையை மீண்டும் தமிழாக்கிக் காட்டும் சிறு நிரல்கள் உள்ளன. ஊர்தோறும் ஓர் இளைஞர் இதனைக் கற்றுக்கொண்டால் போதும்.

தனித்தமிழ் அன்பர் எண்ணித் துணியவேண்டிய ஒன்றும் இக்கணக்கில் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தை ஐந்தமுது எனச் சொல்லுதல் வேண்டும் என்பது கொள்கை. கடைக்காரர் ஒருவர் அக்கொள்கையைப் போற்றி, ஐந்தமுது என்று மட்டும் தம் பக்கத்தில் எழுதினார் எனக் கொள்வோம். மக்கள் தட்டும் சொல் பஞ்சாமிர்தம். அவர்கள் அவர் கடைக்கு வாரார். ஐந்தமுது என்னும் சொல்லையும் காணார். கடைக்கும் இழப்பு, சொல்லுக்கும் இழப்பு. அதற்காகக் கொள்கையைக் கைவிடுதல் தகாது. தலைப்பில் ஐந்தமுது என்று எழுதுக. அதன்கீழ், மக்கள் பஞ்சாமிர்தம் என வழங்குவது என்று ஒரு தொடரும் எழுதுக. தேடி வருபவர் தாம் அறிந்த சொல்லால் வருவார். அறியாத தமிழ்ச்சொல்லை அறிந்து போவார். ஆண்டுதோறும் கணக்கைப் பார்த்து வந்தால், ஐந்தமுது என்று தேடுவோர் தொகை வளர்கிறதா என்பதும் தெரியும். 1916 ஆம் ஆண்டு மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, ஒரு சொல் மக்களிடம் வேரூன்றியதா என்றறிய நீண்டநாள் காத்திருத்தல் வேண்டியிருந்தது. இன்று திங்கள்தோறும் அறியலாம். வளராத சொல்லைக் கண்டு சினங்கொள்ளாது, அஃது ஏன் வளரவில்லை என்று ஆராய்வதே மொழித்தொண்டு.

இறுதியாக, கணக்கேடு யார் வீட்டில் இருக்கிறது என்னும் வினா. விலையின்றி வரும் கருவியில் கணக்கு அயல்நாட்டு நிறுவனத்தின் பெட்டகத்தில் கிடக்கிறது. அந்நிறுவனம் 2023 சூலைத் திங்களில் தன் பழைய அனலிட்டிக்சுக் கருவியின் பொதுப் பயன்பாட்டை நிறுத்திப் புதியதற்கு மாறச் செய்தது. ஓராண்டு கழித்து, 2024 சூலையில், பழைய கணக்குகளைப் பார்க்கும் வாயிலையும் அடைத்தது. படியெடுத்து வைக்காதவர் பல்லாண்டுக் கணக்கை இழந்தனர். தன் பேரேட்டை அடுத்தவன் பரணில் வைத்தவன் நிலை இதுவே. ஐரோப்பிய மக்களின் தரவு கடல்கடந்து செல்வதனைக் கருதி, 2022 ஆம் ஆண்டில் ஆசுத்திரியாவின் தரவுக் காப்பு அமைப்பும் பின்னர்ப் பிரான்சின் அமைப்பும், தம்முன் வந்த முறையீடுகளில் இக்கருவியைப் பயன்படுத்திய முறை சட்டத்திற்கு முரணானது என முடிவு கூறின. பின்னர் 2023 இல் புதிய உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. இந்தியாவிலும் 2023 இல் தனியர் தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. வந்தவரிடம் சொல்லாமல் அவர் தடத்தைக் குறித்து வைப்பது வணிக அறமன்று என்பதற்குச் சட்டமும் வேண்டுவதில்லை.

மாற்றுவழி உண்டு. மட்டோமோ என்னும் கருவி, 2007 இல் பிவிக்கு என்னும் பெயரில் தோன்றிய கட்டற்ற மென்பொருள். அதனைத் தன் வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம். கணக்கும் தன்னிடமே இருக்கும். எண்முகவரியின் இறுதிப் பகுதியை மறைத்துப் பதியவும், நினைவிகள் இன்றியே எண்ணவும் அதில் வழியுண்டு. அதன் சொற்களைத் தத்தம் மொழியில் பெயர்ப்போர் தன்னார்வலரே. கணக்கேட்டின் தலைப்புகளே நல்ல தமிழில் அமைவதற்கு இங்கே கூடியுள்ள புலவர்கள் கைகொடுத்தல் வேண்டும். நிறுவுதற்கு ஓரளவு பயிற்சி தேவைதான். தனித்தனி வணிகர்க்கு அது சுமையாயின், பத்துக் கடைக்காரர் ஒன்றுகூடி ஒரு வழங்கியைப் பேணலாம்.

செய்யவேண்டுவன சில. ஒன்று: இவ்வவையை விட்டு எழுமுன், ஒவ்வொருவரும் தத்தம் திறன்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுக. செலவில்லை, மூன்று மணித்துளி போதும். அப்பொழுதிலிருந்து அவர் திறக்கும் பக்கங்களின் கணக்கில் தமிழ் என்று பதிவாகத் தொடங்கும். இரண்டு: வணிகர் பத்துப் பொருளுக்குத் தமிழ்ப்பக்கம் எழுதுக, எழுத இயலாதவர்க்குத் தமிழாசிரியர் எழுதித் தருக. மூன்று: திங்கள்தோறும் ஒரு நாள் கணக்கைத் திறந்து, முன்சொன்ன நான்கினையும் தாளில் குறித்து வைக்க. நான்கு: தமிழ்த் தேடுசொற்களை வேர்ச்சொல் கொண்டு ஒருங்கு கூட்டிப் பார்க்க.

தமிழுக்குச் சந்தையில் இடமில்லை என்பாரிடம் உணர்ச்சியால் மட்டும் மறுமொழி கூறினோம். இனி எண்ணாலும் கூறுதல் வேண்டும். எண்ணிக்கை நமக்கு எதிராக வந்தால் அதனையும் மறையாமல் ஏற்று, குறை எங்கே என்று தேடுவோம். பூட்டுச் செய்யும் கைவினைஞன் திறவுகோல் திரும்பாதபோது பூட்டை வீசியெறிவதில்லை. எந்த நெம்புகோல் இடறுகிறது என்று பார்த்து அதனை அராவுகிறான். திண்டுக்கல்லார்க்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

அளந்து விற்போம்! தமிழில் விற்போம்!